பட்டாளத்துக்குக் கட்டிய கல்ஃப் பெட்டி

எங்கள் ஊரில் யார் வெளிநாடு கிளம்பினாலும் முந்தின நாள் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் எனக்கு ஆள் வரும். "பாய், பெட்டி கட்டணும், வந்துட்டுப் போங்க" என்பார்கள். நான் போவேன். ஒரு டம்ளர் தேநீரைக் குடித்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அட்டைப்பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் பெட்டி தயார். முப்பது கிலோ என்றால் முப்பது கிலோதான் இருக்கும். மீன்கடைக் கொக்கித் தராசு கூடக் குறையக் காட்டலாம், என் கை காட்டாது. நைலான் கயிறு இரண்டு சுற்று, குறுக்கே கழுத்து என்கிற ஒரு இறுக்குக் கட்டு, கடைசியில் நுனியை உள்ளுக்குள் தள்ளி ஒளித்துவிடுவேன். நுனி எங்கே என்று தெரியாமல் முடிச்சை அவிழ்க்க எவனாலும் முடியாது. நான் கட்டிய பெட்டி இதுவரை எந்த ஏர்போர்ட்டிலும் வாயைப் பிளந்ததில்லை.

சவூதியில், தமாமில் இருபத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். கம்பெனி கேம்ப்பில் ஒரு அறையில் ஆறு பேர், இரண்டடுக்குக் கட்டில், ஒரே ஒரு ஏசி. அந்த அறையில் வாழ என்னென்ன வேண்டும், என்னென்ன வேண்டாம் என்பதில் நான் டாக்டர் பட்டமே வாங்கலாம். ஆகவே என் ஒரே மகள் ராணுவ அகாடமிக்குத் தேர்வாகி, அங்கே ஹாஸ்டல் அறையில் தங்கிப் படிக்கப்போகிறாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டாளத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அறையைப் பற்றித் தெரியும். அல்லாஹ் என்னை இருபத்திரண்டு வருடம் பாலைவனத்தில் வறுத்தெடுத்தது இதற்காகத்தான் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் பட்டியல் வந்தது.

நான்கு பக்கம். வெள்ளை பெட்ஷீட் நான்கு, தலையணை ஒன்று, வெள்ளைத் தலையணை உறை நான்கு, கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று, பூட்டு மூன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாவி, கறுப்பு ஷூ பாலிஷ், பிரஷ் இரண்டு, ஊசி நூல், ஹேங்கர் பன்னிரண்டு, வாளி, மக்கு, சாவி கொடுக்கிற அலாரம் கடிகாரம், நீச்சல் உடை. கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: இதைத் தவிர வேறு எந்தப் பொருளும் கொண்டுவரக் கூடாது. அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இந்தப் பட்டியலை எழுதியவர் ஒரு நாளாவது வெளியூரில் தனியாகக் கிடந்திருப்பாரா? தைலம் எங்கே? ஊறுகாய் எங்கே? பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுக்க ஒரு இனிப்பு எங்கே?

"கெவர்மெண்டுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிரும்?" என்றாள் என் மனைவி.

"கெவர்மெண்டு கேம்ப் ரூம்ல படுத்துருக்கா?"

மகள் பேனாவோடு வந்து பட்டியலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வாப்பா, லிஸ்ட்ல இருக்கிறது மட்டுந்தான். ஒண்ணு கூடுதலாக்கூட எடுக்க மாட்டேன். ப்ளீஸ்."

எனக்கு ஏன் அத்தனை பரபரப்பு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஒரு மாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு மாதத்தைத் தாண்டினால் மனிதன் எங்கேயும் இருந்துவிடுவான். தாண்டாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவான், அல்லது அங்கேயே இருந்துகொண்டு வீட்டுக்குப் பொய் சொல்லப் பழகிவிடுவான். நான் இரண்டாவது ரகம். இருபத்திரண்டு வருடம் போனில் நான் வீட்டுக்குச் சொன்னதில் பாதி பொய். என் மகள் என்னிடம் அப்படிப் பொய் சொல்லிவிடக் கூடாது. கஷ்டம் என்றால் கஷ்டம் என்று என்னிடம் சொல்ல வேண்டும். ஆனால் அவள் பிறந்ததிலிருந்து நான் லீவுக்கு வந்து போகிற ஆள். அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்ததெல்லாம் நான் அனுப்பிய சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும்தான். என்ன பேசுவது என்று எனக்கே தெரியாது. வாங்கிக் கொடுக்கத் தெரியும். அதனால் வாங்கிக் கொடுப்பது என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

மறுநாள் இருவரும் பஸ் ஏறி ராமநாதபுரம் போனோம். அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை. நான் முந்திக்கொண்டு, "வெள்ளைத் துணி வேணும். நாலு. ஆள் நீளத்துக்கு" என்றேன். கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். குரலைத் தாழ்த்தி, "யாரு பாய், எப்ப?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு கடை வாசலுக்கு ஓடிவிட்டாள். மையித்துக்குப் போர்த்த வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்து அந்த மனிதர் எனக்கு ஸ்டூல் போட்டு, தண்ணீர் கொடுத்து, விலையிலும் குறைக்கத் தயாராக இருந்தார். "இல்லண்ணே, எல்லாரும் உசுரோட இருக்கோம். பிள்ளை ஆர்மிக்குப் போறா, பெட்ஷீட்டு" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பெட்ஷீட் கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து மகளின் கையில் அவரே கொடுத்தார். விலையை மட்டும் பிறகு குறைக்கவில்லை.

நீச்சல் உடைக் கதை இதைவிட மோசம். காலையில் கண் விழித்தால் கடல் தெரிகிற ஊர் எங்களுடையது. ராமநாதபுரம் முழுக்க ஏழு கடை ஏறி இறங்கினோம். நீச்சல் உடை இல்லை. ஒரு கடைக்காரர், "நீச்சலடிக்க எதுக்குத் துணி?" என்று கேட்டுவிட்டு, என் மகள் நிற்பதைப் பார்த்து, "இல்ல, தனியா எதுக்குன்னு கேட்டேன்" என்று சமாளித்தார். இன்னொருவர் மழைக்கோட்டை எடுத்துப் போட்டு இதுவும் நனையாது என்றார். நானும் அதைக் கையில் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு, "தையல் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னதாக மகள் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறாள். கடைசியில் பஸ் ஸ்டாண்டில் நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டே போனில் ஆர்டர் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "கை முழுசா இருக்கிறதாப் பாரு, கழுத்து மூடினதாப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "சரி வாப்பா, போர்வையே வாங்கிருவோம்" என்றாள். அவளோடு உட்கார்ந்து சர்பத் குடிப்பது அதுவே முதல் தடவை. அன்றைக்கு நான் மூன்று சர்பத் குடித்தேன்.

ஊருக்குத் திரும்புவதற்குள் செய்தி தெருவுக்குப் பரவிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது பயணம் கிளம்புகிறார்கள் என்றால், அந்த ஊரில் தங்களுக்கு வேண்டியவர் இருந்தால் ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். துபாய் போகிறவன் பெட்டியில் அவனுடைய சாமான் கால்வாசிதான் இருக்கும். மிச்சம் ஊராருடையது. என் மகள் பட்டாளத்துக்குப் போகிறாள் என்றதும் நான்காம் வீட்டு மாமி ஒரு கிலோ தொதலோடு வந்துவிட்டார். தேங்காய்ப்பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்கிற அந்த அல்வாவுக்கு எங்கள் பக்கத்தில் உயிரையும் கொடுப்பார்கள்.

"என் தங்கச்சி மகன் பட்டாளத்துலதான் இருக்கான். ராஜஸ்தான்ல. இதக் கொடுத்துரு தாயி."

"மாமி, நான் போறது வேற ஊரு. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி."

"ரெண்டும் பட்டாளந்தான? எங்கிட்டாச்சும் பார்ப்ப. நல்லா சிவப்பா இருப்பான்."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் மாமியைத் திண்டாடவிடாமல் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்குள் ஒரு யோசனை ஓடத் தொடங்கியிருந்தது.

கிளம்புகிற நாளுக்கு முந்தைய நாள் டிரங்குப் பெட்டியை மகளே அடுக்கினாள். பட்டியலில் ஒவ்வொரு வரியாக டிக் அடித்து, என்னை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டு அடுக்கினாள். பார்க்கவே பாவமாக இருந்தது. துணியைச் சுருட்டாமல் மடிக்கிறாள். ஷூவுக்குள் சாக்ஸைத் திணிக்காமல் இடத்தை வீணாக்குகிறாள். நான் உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் என் முகத்தைப் பார்த்து அவளுக்கே மனம் இரங்கிவிட்டது.

"வாளி, மக்கு, தலைகாணி, ஹேங்கர். இது நாலும் ட்ரங்குல புடிக்கல. நீங்க ஒரு அட்டப்பெட்டில கட்டிக் குடுங்க வாப்பா. இது நாலு மட்டும்."

"நாலு மட்டும்," என்றேன்.

வாளி என்பது எவ்வளவு பெரிய பொருள் என்று பெட்டி கட்டாதவர்களுக்குத் தெரியாது. வாளிக்குள் ஒரு குடும்பத்தையே வைக்கலாம். நான் வைத்தேன். அடியில் மாசிக் கருவாட்டுச் சம்பல் பாட்டில் இரண்டு, ஐந்து பிளாஸ்டிக் உறை போட்டு. அதன்மேல் தொதல், மாமியுடையது ஒரு கிலோ, அறைத்தோழிகளுக்கு நான் வாங்கியது இரண்டு கிலோ. தைலம் நான்கு பாட்டில், குளியல் சோப்பு பதினான்கு, சின்ன கெட்டில், கெட்டிலைச் சொருக ஒரு எக்ஸ்டென்ஷன் வயர். தலையணை உறைக்குள், தலையணையை எடுத்துவிட்டு, தமாமிலிருந்து நான் கொண்டுவந்த கல்ஃப் போர்வை. இரண்டு புலி படம் போட்டது. ஆறு கிலோ எடை. அப்புறம் தலையணையையும் எங்கேயோ திணித்துவிட்டேன், எங்கே என்று இப்போது எனக்கே நினைவில்லை. கயிற்றைப் போட்டு இழுத்து, கழுத்துக் கட்டி, நுனியை உள்ளே தள்ளினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான கட்டு கட்டியதில்லை.

மகள் வந்து ஒரு கையால் தூக்கப் பார்த்தாள். பெட்டி அசையவில்லை.

"என்ன வாப்பா இது, இந்தக் கனம் கனக்குது?"

"ஹேங்கர் இரும்பும்மா," என்றேன்.

என் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் முதுகு சிரிப்பில் குலுங்கியதை நான் பார்த்தேன். அகாடமிக்கு அவள் வரவில்லை. "நான் வந்தா கேட்டுலயே உக்காந்து அழுது உங்க ரெண்டு பேரு மானத்தையும் வாங்கிருவேன். நீங்க கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். யார் மானத்தை யார் வாங்கப்போகிறார்கள் என்று அப்போது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ரயிலில் இரண்டு நாள். பெட்டி என் காலடியில். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அகாடமி வாசலுக்கு உள்ளே ஒரு பெரிய மைதானம். அதன் ஓரத்தில் கயிறு கட்டி, பெற்றோர் எல்லாரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம், பிள்ளைகள் அந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டார்கள். அங்கே பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்கிறார்கள். எங்கள் ஊரில் உஸ்தாத் என்றால் ஓதிக்கொடுப்பவர்; தாடி வைத்திருப்பார். இவர் மீசை வைத்திருந்தார். அந்த மீசையை முறுக்கிக்கொண்டு அவர் ஏதோ சத்தம் போட, எல்லாப் பிள்ளைகளும் தங்கள் பெட்டிகளைத் திறந்து முன்னால் பரப்பத் தொடங்கினார்கள்.

பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் கண்ட உலகத்தில் பெட்டி கட்டுவதே யாரும் திறக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

மகள் டிரங்கை ஒரு நொடியில் திறந்துவிட்டாள். அட்டைப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நகத்தால் கிள்ளினாள், பல்லால் கடித்தாள். கத்தி கிடையாது, கத்தரிக்கோல் கிடையாது, இரண்டுமே தடை. பக்கத்தில் இருந்த பிள்ளைகளெல்லாம் முடித்து விறைத்து நிற்கிறார்கள். இவள் மட்டும் மண்டியிட்டுக் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறாள். உஸ்தாத் அவளை நோக்கி நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மேல தேடாத! கழுத்துக்குக் கீழ, எடது பக்கம்! நுனி உள்ள ஒளிஞ்சிருக்கு, விரல விடு!" என்று கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து நான் போட்ட சத்தம் மைதானத்தைத் தாண்டிப் போயிருக்கும். பெற்றோர் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உஸ்தாத்தும் பார்த்தார். விரலை நீட்டி, வா என்றார்.

ஓடினேன். மண்டியிட்டு, நுனியைத் தேடி எடுத்து, ஒரே இழுப்பு. கயிறு மொத்தமும் பொலபொலவென்று கழன்று விழுந்தது. உஸ்தாத் ஒரு நிமிடம் அந்தக் கயிற்றையே பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. பெட்டி திறந்ததும் அது போய்விட்டது.

ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிக் காட்டினார். சோப்பு, சோப்பு, சோப்பு. கெட்டில். வயர். தொதலை முகர்ந்து பார்த்து, இது என்ன வெடிமருந்தா என்று இந்தியில் கேட்டார். கேம்ப் அறையில் கற்ற இந்தியில், அல்வா சார், கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்கள் என்றேன். கடைசியில் தலையணை உறையை உதறினார். புலி இரண்டும் மைதானத்தில் விழுந்து புரண்டு எல்லாரையும் பார்த்து வாயைப் பிளந்தன. அத்தனை பெற்றோரும் சிரித்தார்கள். விறைத்து நின்ற பிள்ளைகளின் வரிசைகூட லேசாகக் குலுங்கியது. "தந்தையே, எங்களிடம் புலிகள் நிறைய இருக்கின்றன. இவற்றை நீங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்" என்றார் உஸ்தாத்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. நேராக எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். காது இரண்டும் சிவந்திருந்தன. அப்புறம் ஒரு விசில். டிரங்கை ஒரு கையிலும், மக்கும் ஹேங்கரும் தலையணையும் மட்டும் மிஞ்சிய வாளியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு மற்ற பிள்ளைகளோடு ஓடத் தொடங்கினாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். கட்டடத்துக்குள் போகும்வரை திரும்பவில்லை.

மூன்று கிலோ தொதலை ரயிலில் கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தேன். ஒரு மராட்டிக் குடும்பம் விலாசம் எழுதி வாங்கிக்கொண்டது. சிரித்துச் சிரித்துத்தான் கதையைச் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ரொம்பவும் கஷ்டமாக இருந்தது. முதல் நாளே அவளை எல்லார் முன்னாலும் கேலிப்பொருளாக்கிவிட்டேன். இனிமேல் இவள் என்னிடம் எதைச் சொல்லப்போகிறாள்? எனக்குத் தேவை ஒரே ஒரு காரியம். அதையும் நானே என் கையால் கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது. வீட்டில் புலிப் போர்வையைப் பார்த்ததும் என் மனைவி, "வாங்க, ரெண்டு பேரும் வாங்க" என்று புலிகளை வரவேற்றாள்.

முதல் ஐந்து வாரம் போன் கிடையாது. அது விதி. அந்த ஐந்து வாரத்தில் நான் எட்டுப் பேருக்குப் பெட்டி கட்டினேன். எல்லோருக்கும் நுனியை வெளியே விட்டே கட்டினேன். "என்ன பாய், கட்டு லூசா இருக்கு?" என்று கேட்டார்கள். "காலம் மாறிப்போச்சு" என்றேன்.

ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி ஏர்வாடி தர்காவுக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும் விளைமீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். தெரியாத எண். செதில் ஒட்டிய கையோடு எடுத்தேன்.

"வாப்பா, நான்தான். மூணு நிமிசந்தான். உம்மா எங்க?"

"உம்மா இல்லம்மா. ஏர்வாடிக்குப் போயிருக்கா."

கையில் இருந்த மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று நிமிடத்தில் எத்தனை நொடி போனதோ. தூரத்தில் இருந்து போனில் பேசுவதில் எனக்கு இருக்கிற அனுபவம் ஊரில் யாருக்கும் இல்லை.

"சாப்பாடு?" என்றேன்.

"நல்லாருக்கு."

"ரூம்?"

"நல்லாருக்கு வாப்பா. காத்தோட்டமா இருக்கு."

"பிள்ளைகள்லாம்?"

"எல்லாரும் நல்ல மாதிரி."

ஒவ்வொரு பதிலும் தமாமிலிருந்து நான் வீட்டுக்குச் சொன்ன பதில். அந்தக் குரலையும் எனக்குத் தெரியும். அந்தக் குரலை எப்படி எடுப்பது என்றும் தெரியும், தொண்டையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பேச வேண்டும். என் கையில் இருந்த மீன் நழுவியது. அவ்வளவுதான், பிள்ளை பொய் சொல்லப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன்.

"வாப்பா," என்றாள். "ஒங்களுக்கு மொத மாசம் எப்படி இருந்துச்சு? அங்கன, தமாமுல?"

இருபத்திரண்டு வருடத்தில் இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. ஊர் கேட்கவில்லை, மனைவி கேட்கவில்லை. எவ்வளவு சம்பளம், எப்ப லீவு, வரும்போது என்ன கொண்டுவருவ, இவைதான் கேள்வி. என் வாய் பழக்கத்தில், நல்லா இருந்துச்சு என்று சொல்லத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"பாத்ரூமுக்குள்ள போயி, குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதேம்மா," என்றேன். "தெனமும். சத்தம் வெளிய கேக்கக் கூடாதுல்ல. பத்து வாளி ரொம்பி வழியும். கேம்ப் பாஸ் வந்து கதவத் தட்டி, நீ குளிக்கிறியா இல்ல ஒட்டகத்தக் குளிப்பாட்டுறியாம்பான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"இங்க அதுவும் முடியாது வாப்பா. தண்ணி அரை மணி நேரந்தான் வரும். இருபது பேரு வரிசைல நிப்பாளுக."

"அப்ப எப்படித்தான் அழுவுற?"

"ஓடும்போது," என்றாள். "காலைல ஓடவிடுவாங்க. வேர்வையோட வேர்வையா போயிரும். யாருக்கும் தெரியாது."

எங்கிருந்துதான் வந்ததோ, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் பக்கம் அவளும் தொடங்கிவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு மூச்சு வாங்கியது, எனக்கும் வாங்கியது. "எத்தன கிலோமீட்டர் அழுவுற?" என்றேன். "அஞ்சு!" என்றாள். "நேத்து ஏழு வாப்பா!" யாரோ இந்தியில் அதட்டுவது கேட்டது. "வைக்கிறேன் வாப்பா, அடுத்த ஞாயித்துக்கிழம மிச்சத்தச் சொல்றேன்" என்றாள். கட்டாகிவிட்டது.

மதியம் மனைவி வந்தாள். மீன் பாதியில் கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், கன்னமெல்லாம் செதில்.

"போன் வந்துச்சா? பிள்ள என்ன சொன்னா?"

"தெனமும் அழுவுறாளாம்," என்றேன். என் வாயெல்லாம் பல்.